டவர் போன பிறகும் கைகொடுக்கும் செயலிகள்

பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கும் என் சித்தப்பா, போன வருடம் வரை போனைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் தொழிலுக்குப் போவார். ஏன் என்று கேட்டால், "கொஞ்சம் உள்ள போனா டவர் போயிரும்டா. அப்புறம் அதுவும் செங்கல்லும் ஒண்ணு. நனைஞ்சா காசுதான் நட்டம்" என்பார். எங்கள் தெருவில் யார் புது போன் வாங்கினாலும், தேவையான செயலிகளைப் போட்டுக் கொடுக்கச் சொல்லி என்னிடம் வருவார்கள். அதனால் இந்தப் பேச்சைப் பல பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். மண்டபம், தேவிபட்டினம், மூக்கையூர் என்று எங்கே போனாலும் இதே நம்பிக்கைதான்: டவர் இல்லையென்றால் போன் இல்லை.

இதில் பாதி சரி, பாதி தவறு. "எந்த ஆப் நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். டவர் போனால் அது என்ன செய்யும்? இலவசம் என்கிறார்களே, அப்படியானால் அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? பெரிய நகரத்தில் இருப்பவருக்கு முதல் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் வால்போல நீண்டு கிடக்கும் மணல் என்று இருக்கிற நம் பகுதியில் அதுதான் முதலில் வரவேண்டிய கேள்வி.

டவர் எவ்வளவு தூரம் எட்டும்? கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் கடலில் தகவல் போய்ச்சேருவதில்லை என்பதைக் கருத்தில் வைத்துத்தான் 2019இல் 'ஜெமினி' என்ற கருவியையே மத்திய அரசு கொண்டுவந்தது. அது செயற்கைக்கோளிலிருந்து வரும் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் வழியாகப் படகில் இருக்கும் போனுக்குக் கொடுக்கும். 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச்சேராத கொடுமைக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. ஆக, சித்தப்பா சொன்ன தூரக் கணக்கு சரிதான். ஆனால் டவர் போனதும் போன் செத்துவிடும் என்பது சரியல்ல.

போனுக்குள் டவரோடு பேசும் பாகம் ஒன்று. ஜிபிஎஸ் வாங்கும் பாகம் வேறொன்று. இரண்டாவதற்கு சிம்கார்டுகூடத் தேவையில்லை. தெருவில் இதை விளக்க நான் சொல்லும் உதாரணம், பாம்பனிலிருந்து 2016 முதல் ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 பண்பலை. அதைக் கேட்க நீங்கள் நிலையத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. அவர்கள் பேசுகிறார்கள், உங்கள் ரேடியோ வாங்கிக்கொள்கிறது. ஜிபிஎஸ்ஸும் அப்படித்தான். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது" என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சேதி வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் போதும், போன் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். மரமும் மாடியும் மறைக்காத கடல்தான் இதற்கு நல்ல இடம். திறந்த வானத்தின் கீழ் சில மீட்டர் பிசகுக்குள் இடம் சொல்லிவிடும்.

அப்படியானால் கடலில் மேப்பைத் திறந்தால் ஏன் வெறும் சாம்பல் கட்டம் தெரிகிறது? இடம் தெரியாததால் அல்ல, படம் இல்லாததால். படம் இணையத்திலிருந்து வருகிறது, இடம் வானத்திலிருந்து வருகிறது. படத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் மேப் என்ற வசதி இருக்கிறது. நான் எல்லோருக்கும் போட்டுக் கொடுப்பது ஆர்கானிக் மேப்ஸ். விளம்பரம் கிடையாது, உங்களைப் பின்தொடர்வதும் கிடையாது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் 2004 முதல் வரைந்துவரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் அதன் அடிப்படை. ஒருமுறை தமிழ்நாட்டை இறக்கினால் இணையமே இல்லாமல் திறக்கும். கடலில் அது ஆழம் காட்டாது, பாறை காட்டாது, நீலம் மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த நீலத்தில் நீங்கள் ஒரு புள்ளியைக் குறித்து வைக்கலாம். வலை விட்ட இடம், வலை சிக்கிக் கிழிந்த இடம், துறைக்குத் திரும்பும் வழி. ராமேஸ்வரம் கோபுரத்தையும் பாம்பன் கலங்கரை விளக்கத்தையும் பனைக் கூட்டத்தையும் கண்ணால் சேர்த்துப் பார்த்து இடம் பிடிக்கிற பழைய வித்தை சித்தப்பாவுக்கு அத்துப்படி. மப்பு மூடி கோபுரம் மறையும் நாளில்தான் இந்தப் புள்ளி அவருக்கு உதவுகிறது.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லியாக வேண்டும், பலர் ஏமாறுவது இதில்தான். கரையில் இணையம் இருக்கும்போது, எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தைப் போன் இணையத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் ஓரிரு நொடியில் இடம் காட்டும். இணையம் இல்லாவிட்டால் அந்த விவரத்தைச் செயற்கைக்கோளிடமிருந்தே மெல்ல மெல்ல வாங்க வேண்டும். அரை நிமிடமாவது ஆகும். ரொம்ப நாள் பயன்படுத்தாத போன் என்றால் பல நிமிடங்கள்கூட ஆகலாம். "ஜிபிஎஸ் வேலை செய்யல" என்று மூடிவிடுகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் மூடுகிறார்கள். துறையை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை மேப்பைத் திறந்து நீலப் புள்ளி வரும்வரை காத்திருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. இன்னொன்று, டவர் அரைகுறையாகக் கிடைக்கும் இடத்தில் போன் அதைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். டவர் முழுக்கப் போன பிறகு விமானப் பயன்முறையில் போட்டால், பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் நிற்காது, பேட்டரி அதிக நேரம் தாங்கும்.

எல்லைக் கோடும் மீனவர் செயலிகளும்

நம் கடலில் இடம் தெரிவது வெறும் வசதி இல்லை. 1974லும் 1976லும் போடப்பட்ட ஒப்பந்தங்களின்படி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் ஒரு கோடு ஓடுகிறது. தண்ணீரில் அது தெரியாது. அதைத் தாண்டியதாகச் சொல்லிப் பிடிபட்டவர்களின் வீடுகள் எங்கள் பக்கம் எத்தனையோ. படகு போனால் குடும்பமே போனமாதிரி. கச்சத்தீவு பற்றிய அரசியலை இந்தக் கட்டுரைக்குள் நான் கொண்டுவரவில்லை. ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது படகில் இருக்கிற ஒவ்வொருவரின் உரிமை.

இதற்காகவே இருக்கிற இலவசச் செயலிதான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரண்ட். ஆண்ட்ராய்டு பரவும் முன்பே, பட்டன் போன் காலத்தில் தொடங்கிய முயற்சி அது. தமிழில் இருக்கிறது. எல்லைக் கோட்டை நெருங்கும்போது எச்சரிக்கும். கோடு எங்கே என்பது செயலிக்குத் தெரியும், படகு எங்கே என்பதை ஜிபிஎஸ் சொல்லும், இரண்டையும் ஒப்பிடுவதுதான் வேலை. அலை உயரம், காற்று, மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடம், ஆபத்துக்கு அழைக்கும் எண்கள் என்று மற்ற விவரங்களும் அதில் உண்டு. தமிழ்நாடு மீன்வளத் துறை 'தூண்டில்' என்று ஒரு செயலியைக் கொண்டுவந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் 'சமுத்ரா' என்று ஒன்றை வைத்திருக்கிறது. விசைப்படகுகளில் பொருத்தப்படும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் கருவியும் புளூடூத் மூலம் போன் செயலியோடு பேசுவதுதான். நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளில் அதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. டவர் இல்லாத இடத்திலிருந்தும் இருவழியாகச் சேதி அனுப்ப முடிவது அதில்தான். டவர் இல்லாத இடத்தில் போன் செயலி மட்டும் இருந்தால் ஜிபிஎஸ் வைத்து இடம் தெரியும், சேதி வாங்கவோ அனுப்பவோ முடியாது. இந்த வித்தியாசம் உயிரோடு சம்பந்தப்பட்டது. லைஃப் ஜாக்கெட்டுக்கும், படகிலிருந்து பேச உதவும் விஎச்எஃப் ரேடியோ கருவிக்கும் பதிலாகப் போனை நினைத்துவிடக் கூடாது. டவர் இருக்கும் எல்லைக்குள் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இந்த இரண்டையும் பெயர் போட்டுச் சேமித்து வைத்தால் எந்தச் செயலியும் இல்லாமலே உதவும்.

மீன் இருக்கும் இடத்தைச் செயலி எப்படிச் சொல்கிறது என்று பலருக்கு ஆச்சரியம், சிலருக்குச் சந்தேகம். செயற்கைக்கோள் மீனைப் பார்ப்பதில்லை. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நீரில் இருக்கும் பச்சையத்தையும் பார்க்கிறது. பச்சையம் இருந்தால் நுண்பாசி இருக்கிறது, நுண்பாசி இருந்தால் அதைத் தின்னும் சின்ன உயிர்கள், அவற்றைத் தேடி மீன். குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் ஓரங்களில் இந்தக் கூட்டம் சேரும் என்பதுதான் கணக்கு. மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது, அன்று அறிவிப்பு வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்திலும் வராது. ஆழம் குறைந்து கலங்கிக் கிடக்கும் வடகடலில் இந்தக் கணக்குக்கு மதிப்புக் குறைவு. தென்கடலில் ஆழத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் பயன் அதிகம் என்பது என் கருத்து.

தனுஷ்கோடிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நின்றால் பல போன்களுக்கு இலங்கை டவர் கிடைத்து, "இலங்கைக்கு நல்வரவு" என்று குறுஞ்செய்தி வரும். வேடிக்கையாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். சர்வதேச ரோமிங்கை அணைத்து வைக்காவிட்டால் கட்டணம் போகலாம். டவரை வைத்து இடம் சொல்லும் செயலிகளும் அந்த நேரத்தில் தடுமாறும்.

காற்றைக் காட்டும் செயலி

எங்கள் பக்கம் காற்றுக்குப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காலத்தில் இது அப்படியே தலைகீழாகும். மண்டபத்தில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் வேறொரு கடல் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். "ராமநாதபுரம்: காற்று 20 கி.மீ." என்று ஒரே எண்ணைக் காட்டும் சாதாரண வானிலைச் செயலி இங்கே உதவாததும் இதனால்தான்.

எனக்குப் பிடித்தது விண்டி. செக் நாட்டிலிருந்து வரும் செயலி, அடிப்படை வசதிகள் எல்லாம் இலவசம். காற்று ஓடும் திசை கோடு கோடாக நகர்வதைப் பார்த்தாலே புரியும், படிக்கத் தெரிய வேண்டியதில்லை. சித்தப்பா முதன்முதலில் அதைப் பார்த்தபோது, "இது கச்சான்தான், பாரு, பாம்பன் வாய்க்கால்ல எப்படி நெருக்குதுன்னு" என்று விரலால் தொட்டுக் காட்டினார். அவர் ஐம்பது வருடமாக முகத்தில் வாங்கிய காற்றை ஒரு திரையில் பார்த்த சந்தோஷம் அது. காற்றால் எழும் அலையையும், எங்கோ தொலைதூரத்தில் உண்டாகி இங்கே வந்துசேரும் பெருங்கடல் அலையையும் விண்டி தனித்தனியாகக் காட்டும். இரண்டாவது வகைதான், காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும் கள்ளக்கடல். அதற்கு இன்காய்ஸ் தனி எச்சரிக்கை தருகிறது.

ஆனால் விண்டி தன் கண்ணால் எதையும் பார்ப்பதில்லை. முக்கியமாக ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினிக் கணிப்பைப் படமாக வரைகிறது, அவ்வளவுதான். அந்தக் கணிப்பு பூமியை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. அந்த மாதிரிச் சின்ன இடத்தில் குவிந்து கொட்டும் மழையை இப்படிப்பட்ட கணிப்புகள் முன்கூட்டிச் சொல்வது கடினம். ஆகவே விண்டியோடு இந்திய வானிலைத் துறையின் மௌசம் செயலியையும், மாநில அரசின் டிஎன் அலர்ட்டையும் போட்டுக் கொடுப்பேன். டிஎன் அலர்ட் தமிழில் பேசும். இடிமின்னலுக்கு தாமினி இருக்கிறது. வெள்ளாமைக்குப் போகிறவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், உப்பளத்தில் நிற்பவர்கள் அதை வைத்திருப்பது நல்லது. திறந்த வெளியில் உயரமாக நிற்பது அவர்கள்தான்.

செயலி என்ன சொன்னாலும், பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனை மீன்வளத் துறை தராது. 1ஆம் எண் கூண்டு என்றால் தூரத்தில் ஒரு தாழ்வு உருவாகியிருக்கிறது என்று பொருள், 3 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம் என்று பொருள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் ரயிலோடு மனிதர்களைக் கடல் கொண்டுபோன ஊர் இது. இங்கே யாரும் எச்சரிக்கையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

இலவசம் என்றால் யார் காசு

இப்போது இரண்டாவது கேள்வி. மௌசம், சமுத்ரா, தூண்டில் எல்லாம் நம் வரிப்பணம். ஃபிஷர் ஃபிரண்ட் ஒரு தொண்டு நிறுவனத்தின் முயற்சி. ஆர்கானிக் மேப்ஸ், படம் பார்க்கும் விஎல்சி, செய்தி அனுப்பும் சிக்னல் போன்றவை நன்கொடையாலும் தன்னார்வ உழைப்பாலும் நடக்கின்றன. விண்டி போன்றவை கூடுதல் வசதிக்குச் சந்தா கட்டுகிறவர்களால் பிழைக்கின்றன. இவற்றுக்கெல்லாம் உங்களிடமிருந்து எடுத்து விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. மீதி இருக்கும் ஏராளமான செயலிகள் விளம்பரத்தால் நடப்பவை. விளம்பரக்காரருக்கு நீங்கள் யார், எங்கே போகிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள் என்பதெல்லாம் காசு.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, ஏர்வாடி என்று நம் கடற்கரையில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. தொழுகை நேரம் சொல்லும் செயலி இல்லாத போன் அங்கே அபூர்வம். உலகம் முழுக்கப் பல கோடி முறை இறக்கப்பட்ட முஸ்லிம் ப்ரோ என்ற செயலியிலிருந்து பயனர்களின் இடத் தகவல் எக்ஸ்-மோடு என்ற தரவு நிறுவனத்துக்குப் போனதாகவும், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததாகவும் 2020 நவம்பரில் ஓர் அமெரிக்க ஊடகம் எழுதியது. ராணுவத்துக்கு விற்றதாகச் சொல்வதைச் செயலியின் நிறுவனம் மறுத்தது. அதே நேரத்தில் தரவு வாங்கும் கூட்டாளிகளோடு உறவை முறித்துக்கொண்டதாகவும் அறிவித்தது. பாங்கு நேரம் பார்க்க வைத்திருந்த ஒன்றிலிருந்து, தான் நடந்த பாதை யாருக்கோ போகும் என்று எந்த அம்மா நினைத்திருப்பார்? இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை, ஒரு காரியம் செய்தால் போதும். போன் அமைப்புகளில் இட அனுமதி என்ற பகுதிக்குப் போய், ஒவ்வொரு செயலிக்கும் "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றிவிடுங்கள். தொழுகை நேரச் செயலியில் ஊர்ப் பெயரைக் கையால் தேர்ந்தெடுக்க முடிந்தால் இட அனுமதியே தேவைப்படாது. டார்ச் அடிக்க ஒரு செயலி உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால், அது டார்ச் அடிக்க வந்ததல்ல. டார்ச் போனிலேயே இருக்கிறது.

பணச் செயலிகளுக்கு வருகிறேன். துறையில் ஏலம் முடிந்ததும், கூடையில் மீன் வாங்கிக்கொண்டு ஊருக்குள் போகும் அக்காக்கள் வரை இன்று கியூஆர் அட்டை வைத்திருக்கிறார்கள். 2016இல் வந்த யுபிஐ நம் கரைக்குச் செய்தது பெரிய காரியம். சில்லறை இல்லை என்று மீனைக் கடனாகக் கொடுத்துப் பிறகு அலைவது குறைந்திருக்கிறது. எல்லா யுபிஐ செயலிகளும் ஒரே குழாயில்தான் தண்ணீர் எடுக்கின்றன. கூகுள் பே, போன்பே, பேடிஎம், அரசு சார்பான பீம், எதை வைத்தாலும் பணம் போகும் வழி ஒன்றே. வித்தியாசம், மேலே கடன், காப்பீடு, தங்கம் என்று எவ்வளவு விற்க வருகிறார்கள் என்பதில்தான். 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிமாற்றத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஆனதால், தனியார் செயலிகள் இந்த மற்ற வியாபாரங்களில் வருமானம் தேடுகின்றன. என் சித்திக்கு பீம் போட்டுக் கொடுத்தேன். அதில் தொல்லை குறைவாக இருப்பதாக அவரே சொல்கிறார்.

சந்தை நேரத்தில் வங்கி சர்வர் திணறும்போது உதவுவது யுபிஐ லைட். முன்கூட்டியே 5,000 ரூபாய் வரை போனிலேயே வைத்துக்கொண்டு, ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை 'பின்' என்ற ரகசிய எண் இல்லாமல் கொடுக்கலாம். டீ, ஐஸ், பெட்ரோல் என்று சின்னச் செலவுகளுக்கு இதுவே போதும். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள், வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99# என்று அடித்தால் இணையம் இல்லாமலே பணம் அனுப்பலாம். செலவில்லாத இந்த வழி பலருக்குத் தெரியவே இல்லை.

இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை', 'வண்டி அபராதம்', 'நிவாரணத் தொகை' என்ற பெயரில், போனில் செயலியை நிறுவுகிற ஏபிகே கோப்பு வரும். தொட்டு நிறுவினால் உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் வேறொருவன் கைக்குப் போகும். எங்கள் உறவில் ஒருவர் தடைக்கால நிவாரணம் என்று நம்பி ஒரு கோப்பைத் தொட்டார். வலை வாங்க வைத்திருந்த பணம் போனது. அன்று இரவு அவர் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. எந்த அரசுத் திட்டமும் வாட்ஸ்அப்பில் கோப்பாக வராது. செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை நடுவழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு. உடனடிக் கடன் தருவதாகச் சொல்லித் தொடர்பு எண்களையும் படங்களையும் அள்ளுகிற செயலிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015இல் வந்த டிஜிலாக்கரில் ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, மதிப்பெண் சான்று எல்லாம் வைத்துக்கொள்ளலாம், அவை அசலுக்குச் சமமாகச் செல்லும். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதங்கள்தான் என்பதால் நம் பக்கம் இது எல்லோருக்கும் தேவை. ரேஷன் கடையில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க டிஎன்இபிடிஎஸ். வெயிலில் இரண்டு முறை நடப்பது மிச்சம்.

ரயிலுக்கு 'வேர் இஸ் மை டிரெய்ன்'. இது டவரை வைத்தே விளையாடும் செயலி. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது இணையமோ ஜிபிஎஸ்ஸோ இல்லாமல், எந்த டவரின் அருகே இருக்கிறோம் என்பதை வைத்து இடம் சொல்லிவிடும். தமிழிலும் உண்டு. பெங்களூரில் ஒரு சின்னக் குழு உருவாக்கியது, 2018 இறுதியில் கூகுள் வாங்கிக்கொண்டது. பழைய பாம்பன் பாலம் 2022 டிசம்பரில் மூடப்பட்டு, 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்கு ரயிலே வரவில்லை. மண்டபத்தில் இறங்கிப் பேருந்து ஏறிய அந்த நாட்களில், வண்டி எப்போது வரும் என்று ஊரே இந்தச் செயலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முன்பதிவில்லாச் சீட்டுக்கு 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் இருக்கிறது. திருவிழா நாளில் ராமநாதபுரம் ஸ்டேஷன் வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எல்லாவற்றையும் விட அதிகம் பயன்படுவது எது என்று கேட்டால், வாட்ஸ்அப்பின் குரல் பதிவு. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும், கையெல்லாம் மீன் செதிலாக இருப்பவர்களுக்கும் அது வரம். "நண்டு இன்னிக்கு ஏறிருக்கு, கொண்டா" என்று ஒரு பதிவு போதும். டவர் போய்த் திரும்பி வந்ததும் தானாகவே சேர்ந்துவிடும். துபாயில் இருக்கும் மகனுக்கும் அதுதான் வழி, ஏனென்றால் அங்கே வாட்ஸ்அப்பில் பேசுவதற்குத்தான் தடை, பதிவு அனுப்புவதற்கு இல்லை. எழுத விரும்புகிறவர்களுக்கு முத்து நெடுமாறனின் செல்லினமும், வாயால் சொன்னால் தமிழில் எழுதிக் கொடுக்கும் ஜிபோர்டும் உண்டு. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்களில் ஒருவர், குழுவின் கணக்கை இப்படி வாயால் சொல்லியே குறித்து வைக்கிறார். "கஞ்சிப் பாசி" என்று சொன்னால் முதல் தடவை "கஞ்சி பார்சல்" என்று எழுதியது. இரண்டு மூன்று முறை திருத்தி, அந்தச் சொல்லைத் தனி அகராதியில் சேர்த்துக் கொடுத்தேன். நம் கடல் சொற்களை இந்தச் செயலிகள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. வத்தை, சம்மாட்டி, பாடு, கச்சான் எல்லாம் அவற்றுக்குப் புதுசு. நாம் நம் சொற்களை நம் எழுத்திலேயே எழுத எழுதத்தான் அவை பழகும்.

தடைக்காலம் முடிகிற ஜூன் 14 இரவுக்கு முன்பே எங்கள் வீட்டுத் திண்ணையில் வேலை ஆரம்பமாகிவிடும். வீட்டு வைஃபையில் மேப்பைப் புதுப்பிப்பது, ஃபிஷர் ஃபிரண்டைத் திறந்து எல்லை எச்சரிக்கை இயங்குகிறதா என்று பார்ப்பது, தேவையில்லாத விளையாட்டுகளை நீக்கி இடம் ஒதுக்குவது, பவர் பேங்க்கை நிரப்புவது. இந்த வருடம் சித்தப்பாவே கடையில் போய்த் தண்ணீர் புகாத பை ஒன்று வாங்கி வந்தார், கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி. போனை அதில் போட்டு, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி வைத்து எடுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. "சரி, இதையும் ஏத்து" என்று சொல்லி, வலையோடும் ஐஸ் பெட்டியோடும் வைத்துவிட்டார்.